அந்த அக்காவை ஒட்டினவையோ? கொழும்பில் நான்கு நாட்கள்

முதல் நாள்

யாழ்ப்பாணத்தில் இரவு ஏறிய பஸ், விடிவதற்குச் சற்று முன்னர் வெள்ளவத்தையில் காலி வீதியோரம் எங்களை இறக்கிவிட்டுத் தன் போக்கில் போயிற்று. எழுபதைக் கடந்த அம்மா, அக்காவின் பிள்ளைகள் இருவர், அவர்களுக்குக் காவலாக நான். மருமகனுக்குப் பதினொரு வயது, மருமகளுக்கு ஆறு. சித்தியின் வீடு கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. யன்னலைத் திறந்தால் கரையோர ரயில் பாதை, அதற்கப்பால் கடல். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் காலைத் தேநீரை ஆறவிட்டார்கள்.

பாடசாலை விடுமுறைக்குக் கொழும்புக்கு அழைத்துப் போவதாக நான் கொடுத்த வாக்கின் முக்கியமான பகுதி, ராட்டினங்களும் நீர்ச்சறுக்குகளும் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. அங்கே விடுமுறை முழுவதும் மாலை ஐந்து மணிக்கு மேடை மாயாஜாலக் காட்சி நடக்கிறது என்று சித்தி சொன்னதும் மருமகன் நீர்ச்சறுக்கை மறந்துவிட்டான். அம்மாவுக்கு மட்டும் அதில் மதிப்பில்லை. "கண்கட்டி வித்தை பார்க்கிறதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவேணுமே?" என்று கேட்டார்.

நான் படித்த ஊர்ப் பாடசாலைக்கு ஆண்டுக்கொரு முறை ஒரு வித்தைக்காரர் வருவார். வாயிலிருந்து வர்ணக் கடதாசி நாடாவை முழம் முழமாக இழுப்பார். அவருடைய முகமோ கைகளோ இப்போது என் நினைவில் இல்லை. நாடா நீள நீளத் தாமும் வாயைப் பிளந்துகொண்டே போன எங்கள் அதிபரின் முகம்தான் இருக்கிறது. மாணவர்கள் முன்னிலையில் எதற்கும் வியந்து காட்டாத மனிதர் அவர். ஆகவே நாளைக்கு மேடையைப் பார்ப்பதா, மேடையைப் பார்ப்பவர்களைப் பார்ப்பதா என்ற கேள்விக்கு என்னிடம் இன்றிரவே விடை இருக்கிறது.

இரண்டாம் நாள்

பூங்காவின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் இன்றைய குறிப்பை வாசித்து முடிக்கும்போது விளங்கும். ராட்டினங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில் கடுமை, வரிசை நீளம், தும்புமுட்டாஸ் விலை அதிகம். நான்கரை மணிக்கே மாயாஜால மண்டபத்தின் வாசலில் நின்றோம். மண்டபம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் மூன்று பக்கம் சுவரும் மேலே தகரக் கூரையும் கொண்ட பெரிய கொட்டகை அது. பிளாஸ்டிக் கதிரைகள், அவற்றுக்கு முன்னால் சிறுவர்கள் சப்பணமிட்டு இருப்பதற்குப் பாய்கள். முந்நூறு பேர் வரை இருந்திருப்பார்கள். எங்களுக்கு முன்வரிசையில் ஆச்சியிலிருந்து கைக்குழந்தை வரை ஒரு சிங்களக் குடும்பம். வலப்புறம் கொம்பனித்தெருவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அதன் தந்தையார் என்னுடன் தமிழிலும், முன்வரிசையாருடன் சிங்களத்திலும், மருமகனுடன் ஏனோ ஆங்கிலத்திலும் பேசினார்.

வித்தைக்காரர் நாற்பது வயது மதிக்கத்தக்க சிங்களவர். ஒவ்வொரு பகடியையும் முதலில் சிங்களத்தில் சொல்வார், பின்னர் எழுதிப் பாடமாக்கிய தமிழில் சொல்வார், கடைசியில் ஆங்கிலத்தில் சொல்வார். அதனால் சிரிப்பு மூன்று தவணைகளில் வந்தது. முதல் தவணை கொட்டகை நிறைய. இரண்டாவது எங்கள் பக்கத்திலிருந்து திட்டுத் திட்டாக. மூன்றாவது பின்வரிசையில் இருந்த இரண்டு ஐரோப்பியப் பயணிகளிடமிருந்து. கொம்பனித்தெருத் தந்தையார் மூன்று தடவையும் சிரித்தார், அதிலும் மூன்றாவது தடவை சற்றுக் கூடுதலாகவே சிரித்தார்.

ஆனால் வெறுங்கையில் ஒரு புறா சிறகடித்தபோது எழுந்த ஒலிக்குத் தவணை இருக்கவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தார்கள். இழுத்த மூச்சு வெளியே வந்தபோது அதனுடன் வந்த சொல்லும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தமிழில் 'ஐயோ', சிங்களத்திலும் அது 'ஐயோ'தான். முன்வரிசை ஆச்சி 'அம்மோ' என்றார், என் அம்மா 'அம்மா' என்றார், அவ்வளவுதான் வேறுபாடு.

அடுத்து வித்தைக்காரர் சபையிடம் ஓர் ஐயாயிரம் ரூபாய்த் தாளைக் கடனாகக் கேட்டார். உடனே வளர்ந்தவர்கள் அனைவரும் குனிந்து காலடியில் எதையோ தேடத் தொடங்கினார்கள். இரண்டாயிரம் என்றார், ஆயிரம் என்றார், ஐந்நூறு என்றார். கடைசியில் பின்பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் எழுந்து வந்து இருபது ரூபாயை நீட்டினான். இந்தச் சிரிப்பு ஒரே தவணையில் முடிந்தது. காசுப் பகடிக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

இளைஞனிடம் தாளில் கையெழுத்து வாங்கி, எல்லோரும் பார்க்க அதை எரித்துச் சாம்பலை ஊதிவிட்டு, மேசையிலிருந்து வித்தைக்காரர் ஒரு தேசிக்காயை எடுத்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. மேல்நாட்டு வித்தைக்காரர்களும் இதே வித்தைக்குப் பழம் ஒன்றைத்தான் எடுப்பார்கள், ஆனால் அங்கே அது வெறும் பழம். இங்கே தேசிக்காய் வெட்டுவது கண்ணூறு கழிப்பதற்கு, செய்வினை எடுப்பதற்கு. சிங்களவரிடமும் அதே வழக்கம் உண்டு. நாம் சூனியம் என்பதை அவர்கள் ஹூனியம் என்பார்கள். முன்வரிசை ஆச்சி கைக்குழந்தையின் முகத்தைத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மா என் முழங்கையைப் பிடித்தார். கத்தி இறங்கிற்று, சாறு சொட்டச் சொட்ட, கையெழுத்துடன் அந்த இருபது ரூபாய் வெளியே வந்தது. கைதட்டல் எழுந்தது, ஆனால் அரை வினாடி பிந்தியே எழுந்தது. அந்த அரை வினாடிக்காகத்தான் அவர் தோடம்பழத்தை விட்டுத் தேசிக்காயைத் தேர்ந்திருக்கிறார் என்று எனக்குப் பட்டது. மூன்று மொழியில் பேசிய நேரத்தைவிட, ஒன்றும் பேசாமல் பழத்தைத் தூக்கிப் பிடித்த நேரத்தில்தான் சபை அவருடைய கையில் இருந்தது.

அதன் பிறகு பெட்டி. இருபது வயதிருக்கக்கூடிய ஒரு பெண் சிரித்துக்கொண்டே அதற்குள் படுத்தாள். ஒரு நுனியில் தலை, மறு நுனியில் சிவப்புச் செருப்பணிந்த பாதங்கள். நடுவே இரண்டு தகடுகளை இறக்கி, பெட்டியை இரண்டாகப் பிரித்து, இடைவெளிக்குள்ளால் வித்தைக்காரர் நடந்து போனார். பாதங்கள் ஆடிக்கொண்டிருந்தன. மருமகள் பாயிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கி, இரண்டு நிமிடத்தில் மின்சாரம் நின்றுவிட்டது.

இருட்டில் முதலில் கேட்டது சிரிப்பு. இதுவும் வித்தையின் ஒரு பகுதி என்றே பலர் நினைத்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார். பிறகு முணுமுணுப்பு, பிறகு குழந்தைகளின் அழுகை. கைபேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எழுந்து மேடையைத் தேடிச் சென்றபோது திரை மூடியிருந்தது. கால் மணி நேரம் கழித்து ஓர் ஊழியர் வந்து, காட்சி முடிந்தது, இதே நுழைவுச்சீட்டுடன் நாளைக்கு வரலாம் என்று மழைக்கு மேலால் சிங்களத்தில் கத்திவிட்டுப் போனார். பகடிக்கு மூன்று மொழி வைத்திருந்தவர்கள் பிழைக்கு ஒரு மொழிதான் வைத்திருந்தார்கள். கொம்பனித்தெருத் தந்தையார் எழுந்து எங்கள் பக்கத்தாருக்கு அதைத் தமிழில் சொன்னார். பின்னர் திரும்பி, ஐரோப்பியர் இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஓட்டோவில் திரும்பும்போது மருமகள் கேட்டாள்: "மாமா, அந்த அக்காவை ஒட்டினவையோ?"

ஒட்டியிருப்பார்கள் என்றேன்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

காணவில்லை. இரவு அவளுடைய தட்டில் இடியப்பம் அப்படியே கிடந்தது.

இந்தத் தவிப்பு ஆறு வயதுக்கு மட்டும் உரியதன்று. 1956 ஏப்ரல் 9ஆம் திகதி, வங்காளத்து மாயாஜாலக்காரர் பி. சி. சர்க்கார் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு பெண்ணை மின்வாளால் இரண்டாக அறுத்துக் காட்டினார். வாளை நிறுத்திவிட்டு அவளுடைய கையைத் தேய்த்து எழுப்ப முயன்றார், அவள் எழவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். உடனே நிகழ்ச்சி நடத்துநர் முன்னால் வந்து விடைபெற, ஒளிபரப்பு முடிந்துவிட்டது. நேரலையில் ஒரு பெண் கொல்லப்பட்டுவிட்டாள் என்று பதறியவர்களின் அழைப்புகளால் பிபிசியின் தொலைபேசிகள் திணறின. நேரம் போதாமல் போய்விட்டது என்று விளக்கம் சொல்லப்பட்டது. பெண்ணுக்கு ஒன்றுமில்லை, லண்டனில் சர்க்காரின் காட்சிகளுக்கு நுழைவுச்சீட்டு கிடைப்பதுதான் அரிதாயிற்று. அந்த முடிவு தற்செயலா, அதுவும் வித்தையின் பகுதியா என்று அவரைப் பற்றி ஐயப்பட இடமுண்டு. எங்கள் பூங்காவைப் பற்றி அப்படி ஐயப்பட இடமில்லை.

மூன்றாம் நாள்

காலையில் குசினியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. நேற்றைய காட்சியைச் சித்திக்கு விவரித்துக்கொண்டிருந்தார். பெரிய மரவாள், கரகரவென்று அறுக்கும் சத்தம், பெட்டிக்குக் கீழே சிவப்பாகச் சொட்டிய ஏதோ ஒன்று. சித்தி "சும்மா இருங்கோ அக்கா" என்று சொல்லிச் சொல்லியே முழுவதையும் கேட்டு முடித்தார். மேடையில் வாள் இருக்கவில்லை, அறுக்கும் சத்தமும் இருக்கவில்லை, சொட்டியது மழை. அதைவிடப் பெரிய விடயம், தகடுகள் இறங்கியதிலிருந்து மின்சாரம் போகும் வரை அம்மா கண்ணைத் திறக்கவேயில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இந்த வித்தையை 1921 ஜனவரி 17ஆம் திகதி லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் முதன்முதலில் பொதுமக்களுக்குக் காட்டிய பி. டி. செல்பிட், ஊரைப் பதறவைப்பதற்காகக் காட்சிகளுக்கு இடையில் அரங்கின் வெளியே சிவப்பு நீரை வாளி வாளியாகச் சாக்கடையில் ஊற்றுவித்தார். அம்மாவுக்கு ஒருவரும் ஒரு துளிகூட ஊற்றவில்லை.

அம்மா பொய் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். வித்தை பார்த்தவர்கள் சொல்லும் கதை இப்படித்தான் வளரும் போலிருக்கிறது. கயிறு வானத்தில் நிமிர்ந்து நிற்க, அதில் ஏறிய சிறுவன் மறைந்துபோகும் இந்தியக் கயிற்று வித்தையைப் பற்றி 1890இல் சிக்காகோ டிரிபியூன் நாளேடு ஒரு கட்டுரை வெளியிட்டு, சில மாதங்களில் அது வெறும் கற்பனை என்று தானே ஒப்புக்கொண்டது. அதன் பிறகும் நேரில் கண்டதாகச் சொன்னவர்களுக்குக் குறைவில்லை. ரிச்சர்ட் வைஸ்மன், பீற்றர் லமொன்ட் ஆகிய இருவரும் அத்தகைய சாட்சியங்களைத் திரட்டி ஆராய்ந்து 1996இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: கண்டதற்கும் சொன்னதற்கும் இடையில் ஆண்டுகள் கூடக்கூட, சொல்லப்பட்ட வித்தையும் பெருத்துக்கொண்டே போயிருந்தது. அம்மாவுக்கு ஆண்டுகள் வேண்டியிருக்கவில்லை. ஓர் இரவே போதுமாயிருந்தது.

இன்று வர அவர் மறுத்துவிட்டார். "ஒருக்காப் பார்த்தது காணும்" என்றார். பிள்ளைகளுடன் நான் மட்டும் போனேன். மருமகள் பாயில் முன்னுக்குப் போய் இருந்துகொண்டாள். மருமகனையும் என்னையும் இடப்பக்கச் சுவரோரம், மேடையை ஒட்டிய இரண்டு கதிரைகள் ஏற்றுக்கொண்டன. மற்றவர்கள் விரும்பாத இடம் அது. அங்கிருந்து மேடையைப் பார்க்கக் கழுத்தை முறிக்கவேண்டும். சபையோ முகம் முகமாகத் தெரியும்.

தகப்பன்மார் பெரும்பாலும் கைகளைக் கட்டிக்கொண்டு, பிடித்துவிடுகிறேன் பார் என்ற தோரணையில் இருந்தார்கள். ஒருவர் காட்சி முழுவதையும் கைபேசியில் பதிவு செய்தார். அவர் மடியில் இருந்த மகள், கண்ணெதிரே மேடை இருக்க, தந்தையின் கைபேசித் திரையிலேயே புறாவைப் பார்த்தாள். கைதட்டல் ஒவ்வொன்றும் பின்சுவரோரம் நின்ற ஊழியர் இருவரிடம் தொடங்குவதையும் இந்தக் கதிரையிலிருந்துதான் கண்டுகொண்டேன். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் அரங்குகளில் கைதட்டுவதற்கென்றே கூலிக்கு ஆட்கள் இருந்தார்கள். சுவீடனில் உப்சாலாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படியும், கைதட்டல் தொற்றுப்போலவே பரவுகிறது. எத்தனை பேர் ஏற்கெனவே தட்டுகிறார்கள் என்பதுதான் அடுத்தவரைத் தட்டவைக்கிறது. ஊழியர்கள் தேவைப்படாத இடமும் உண்டு. இன்றும் புறாவுக்கு மூச்சிழுப்பு தானாகவே வந்தது. இன்றும் தேசிக்காய்க்கு அதே அமைதி.

நேற்று நான் கவனிக்கத் தவறிய ஒன்றை இன்று பிடித்தேன். வித்தைக்காரர் ஒரு சிவப்புப் பந்தை மேலே எறிந்து பிடிப்பார், மறுபடியும் எறிந்து பிடிப்பார். மூன்றாம் முறை எறிந்த பந்து கீழே வராது. இன்று மூன்றாம் எறிதலின்போது நான் பார்த்துக்கொண்டிருந்தது மருமகனின் முகத்தை. வித்தைக்காரர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மருமகனுடைய கண்கள் கூரைக்குப் போகவேயில்லை, அவருடைய முகத்திலேயே நின்றன. காட்சி முடிந்ததும் அவனிடம் கேட்டேன்.

"மேல போய்த்தான் மறைஞ்சது. நான் கண்டனான்" என்றான்.

"பந்து கையை விட்டுப் போகேல்லை எண்டால்?"

"போனது மாமா. கண்டனான் எண்டு சொல்லுறன்."

இதே கேள்வியை அமெரிக்க உளவியலாளர் நோர்மன் டிரிப்லெட் 1900ஆம் ஆண்டளவிலேயே பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். எறியப்படாத பந்து மேலே போனதைக் கண்டதாகக் கிட்டத்தட்டப் பாதிப்பேர் சொன்னார்கள். 2006இல் குஸ்டாவ் கூன், மைக்கல் லான்ட் இருவரும் பார்ப்பவர்களின் கண் அசைவையும் அளந்தபோது, வித்தைக்காரர் மேலே பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் பந்து மேலே போனதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய கண்கள் பந்து போனதாகச் சொன்ன இடத்துக்குப் போயிருக்கவில்லை, வித்தைக்காரரின் முகத்துக்குத்தான் போயிருந்தன. மருமகனை நான் மேலும் வற்புறுத்தவில்லை. அவன் அம்மாவின் பேரன்.

பெட்டி கடைசியாக வந்தது. தகடுகள் இறங்கின, பாதிகள் பிரிந்தன, மழை வரவில்லை, பாதிகள் சேர்ந்தன, பெண் எழுந்து கைகளை விரித்தாள். இதற்கு ஊழியர்களின் துணை வேண்டியிருக்கவில்லை. நேற்று வந்து திரும்பிய குடும்பங்கள் சில எழுந்தே நின்று தட்டின. பாயில் ஒரு சிறுமி மட்டும் தட்டவில்லை. அவள் மேடையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள், பின்பு எழுந்து நேராக என்னிடம் வந்தாள்.

"மாமா, இது வேற அக்கா."

"ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?"

"நேற்றுச் சிவப்புச் செருப்பு. இண்டைக்கு நீலம்."

நான் திரும்பிப் பார்த்தேன். நீலம்தான். முகங்களைப் பார்ப்பதில் நானும், வித்தையைப் பிடிப்பதில் கைகட்டிய தகப்பன்மாரும் ஈடுபட்டிருந்தபோது, கொட்டகையில் செருப்பைப் பார்த்தது அவள் ஒருத்திதான். நேற்றைய அக்கா இன்னமும் இரண்டாகவே எங்கோ இருக்கிறாள் என்பது இப்போது அவளுக்கு உறுதியாகிவிட்டது. ஒரு காட்சிக்கு இரண்டாம் முறை வந்து நிலைமை மோசமானது எனக்கு இதுவே முதல் தடவை.

எங்களைக் காப்பாற்றியது பக்கவாசலருகே இருந்த சிற்றுண்டிக் கடை. ரோல்ஸ் வாங்க நின்றபோது, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, சாதாரணச் சட்டையில், கிம்புலா பணிஸைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டு அந்தப் பெண் நின்றாள். மருமகள் அவளுக்கு முன்னால் போய் நின்று, முகத்தை விட்டுவிட்டுக் கால்களைப் பார்த்தாள். "என்ன தங்கச்சி?" என்று தமிழில் கேட்டதும் எனக்கு நிம்மதியாயிற்று.

"நேற்று உங்களுக்கு நொந்ததோ?"

"வலிச்சுச்சான்னு கேக்குறீங்களா? வலிக்கல. கரண்ட் போன நேரம் நுளம்புதான் கடிச்சுக் கொன்னுருச்சு. பெட்டிக்குள்ள சொறியவும் முடியல."

"சிவப்புச் செருப்பு?"

"மழைல ஓடினேன்ல, வார் அறுந்துருச்சு."

மருமகள் சற்று யோசித்தாள். "ரெண்டு காலிலயும் கடிச்சதோ?"

"ரெண்டு கால்லயும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மருமகன், "அப்ப அதுவும் உங்கட கால்தானோ?" என்று பாய்ந்தான். அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். பின்பு சீனி ஒட்டிய விரலை உதட்டின் மேல் வைத்துச் சிரித்துவிட்டு, மிச்சத் தேநீரை ஒரே மிடறில் குடித்துவிட்டுப் போனாள். அந்தக் கேள்வியை நானும் இங்கே அப்படியே விட்டுவிடுகிறேன்.

இரவு மருமகள் நான்கு இடியப்பம் தின்றாள்.

நான்காம் நாள்

பகல் முழுவதும் உடுப்புக் கடைகளிலும் மாலை காலி முகத்திடலிலும் கழிந்தது. இறால் வடை தின்றுகொண்டிருந்தபோது மருமகன் காகங்களிடம் பந்து வித்தையைச் செய்து பார்த்தான். வடைத் துண்டை இரண்டு முறை உண்மையாகவே எறிந்துவிட்டு, மூன்றாம் முறை கையை மட்டும் வீசிக் கண்களை வானத்துக்கு உயர்த்தினான். காகங்கள் ஒருமுறை ஏமாந்து எழும்பின. அடுத்த முறை அசையவில்லை. பூங்காவின் வித்தைக்காரருக்குக் காகங்கள் சபையாக வாய்க்காதது அவருடைய அதிர்ஷ்டம்.

இதை எழுதுவது இரவு பஸ்ஸில். அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் கிளிநொச்சியில் இறங்கப்போகும் ஒரு பெண்மணி. நீர்கொழும்பு தாண்டுவதற்குள் பேச்சில் பெட்டி வந்துவிட்டது. வாள் இப்போது மின்சார வாளாகியிருந்தது; மின்சாரம் நின்றதே அந்த வாளின் வேகத்தால்தான். மறுநாள் காட்சிக்கு வராத அம்மா, அந்தப் பெண்ணை ஒட்டி எழுப்பியதையும் கண்டிருந்தார். "செத்த பிள்ளை மாதிரிக் கிடந்தவள், அதே சிவப்புச் செருப்போட டக்கெண்டு எழும்பி நிண்டாள்" என்றார். பெண்மணி மூச்சை உள்ளே இழுத்து "ஐயோ" என்றார். அந்த ஒலிக்கு, முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த சிங்கள இளைஞன்கூடத் திரும்பிப் பார்த்தான்.

என் மடியில் தலைவைத்துக் கிடந்த மருமகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அம்மம்மா, நீலம்."

"ஓம், நீலச் செருப்பு" என்று திருத்திக்கொண்டு அம்மா தொடர்ந்தார்.